நடு உறையாத கட்டி

வாழைச்சேனைத் துறைமுகத்து ஐஸ் ஆலையில்
எனக்கு இரவு முறை.
உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்கிய தகரப் பெட்டிகளை
முப்பது மணிநேரம் கழித்து மேலே எடுத்துக் கவிழ்த்ததும்
ஒவ்வொரு கட்டியையும் விரல்முட்டியால் ஒருதரம் தட்டுவேன்.
முற்றினது கல்லாகப் பதில் சொல்லும்.
நடு உறையாதது
பானைக்குள் யாரோ இருமினாற்போல.

அந்தக் காதோடுதான் போனேன் மலைக்கு.

ஆறு வருஷச் சீட்டுக்காசு.
விமானம், அனுமதி, வழிகாட்டி, வாடகைச் சப்பாத்து,
செத்தால் உடலைக் கீழே இறக்க ஒரு காப்புறுதி
(அதற்கு மூன்று இடத்தில் கையெழுத்து).
பயிற்சிக்கு மட்டக்களப்பில் ஏற என்ன இருக்கிறது?
பதினைந்து கிலோ உப்பை முதுகில் கட்டிக்கொண்டு
குடும்பிமலைக்கு முப்பத்தொரு ஞாயிறு.
மற்ற நாளில் வேலை முடிய,
வழுக்குப் பலகையில் மிஞ்சிக் கிடந்த கட்டிகளின்மேல்
பன்னிரண்டு பல் இரும்பைக் காலில் பூட்டி நடந்தேன்.
காவலாளி நல்லரெத்தினம் பார்த்தார்,
மேலிடத்துக்குச் சொல்லவில்லை.
"விழுந்தா ஆலைக்கு வழக்கு வரும், மெதுவா" என்றதோடு சரி.

மலையில் இரவு ஒரு மணிக்குப் புறப்பாடு.
ஒரே கயிற்றில் நாலு பேர்.
முன்னால் வழிகாட்டி பெம்பா,
அடுத்து கொழும்பிலிருந்து வந்த பல்வைத்தியர் இந்துனில்,
பிறகு நான்,
கடைசியில் பெம்பாவின் மைத்துனன். பேர் கேட்டேன், காற்றுக் கொண்டுபோனது.
கயிறு தளரவும் கூடாது, இழுக்கவும் கூடாது.
தலைவிளக்கின் வட்டத்துக்குள்
முன்னால் போகிறவரின் தடம் மட்டும்.
பனியாறு என்றார்கள்.
ஆறென்றால் ஓடவேண்டும், இது முனகியது.

ஐயாயிரத்து எண்ணூறு மீற்றரில்
மற்ற இடம்போலவே வெள்ளையாக ஓர் இடம்.
பெம்பா கோலால் குத்தினான்.
இருமல்.

எனக்குக் கேட்டது.
தட்டிக் கழித்த ஆயிரம் கட்டிகளில் கேட்ட அதே இருமல்.
வாய் திறக்கவில்லை நான்.
அவன் வழிகாட்டி, நான் காசு கட்டினவள்.
ஐஸ் ஆலைக்காரி மலைக்குப் பாடம் சொல்வதா என்று
நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.
ஓர் அடி வைத்தான்.
அந்த அடியின் நீளத்தை இன்னும் அளந்து முடியவில்லை.

பிறகு அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும்.
தூங்கும் பிள்ளையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுவதுபோல
காலைத் திருப்பி எடுத்தான்.
இடமாக, வலமாக, ஒன்றரை மணிநேரம் தேடினான்.
"இன்றைக்கு இவ்வளவுதான்."

முந்நூறு மீற்றர்தானே என்று கத்தினார் பல்வைத்தியர்,
கட்டின டொலரைச் சொல்லிக் கத்தினார்.
பெம்பா பேசாமல் கயிற்றின் ஒழுங்கை மாற்றினான்.
இறங்கும்போது மைத்துனன் முன்னால், அவன் கடைசியில்.
விழுந்தால் தாங்குகிறவன் மேலே நிற்கவேண்டுமாம்.

கூடாரத்தில் சொல்லிவிட்டேன்,
எனக்கு முதலிலேயே கேட்டதென்று.
கோப்பையை நிரப்பி முடித்துத்தான் நிமிர்ந்தான்.
"அடுத்தமுறை கத்து."
மறுகணமே, சீனி எத்தனை கரண்டி என்று கேட்டான்.

வந்து பன்னிரண்டு நாள்.
மூக்குத் தோல் இன்னும் உரிகிறது.
இருபது நாள் கடலுக்குப் போகும் படகுக்கு
நூற்றைம்பது கட்டி கேட்டு நிற்கிறார் றிஸ்மி முதலாளி.
"உச்சிக்குப் போன நீங்களா?"
"இல்ல."
"மறுகா?"

தட்டிக்கொண்டே வருகிறேன்.
எழுபத்துமூன்றாவது இருமுகிறது.
பார்வைக்குக் கண்ணாடி. ஒருவருக்கும் தெரியாது.
விடியுமுன் படகு வெளியேற வேண்டும்,
பொடியன்மார் அவசரப்படுகிறார்கள்.

"நிப்பாட்டுங்க!" என்கிறேன்
தேவைக்கு மேல் சத்தமாக.

பாரந்தூக்கி அப்படியே நிற்கிறது.
வாசலிலிருந்து நல்லரெத்தினம் ஓடி வருகிறார்,
யாரோ விழுந்துவிட்டதாக நினைத்து.